நாளைக்கு ஐப்பசி ஒண்ணு

உள்ள வாங்கண்ணே. வெயில்ல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா போர்டு தன்னால இறங்கி வந்துருமா? உக்காருங்க, ஏசி ஓடுது. உங்க ஏணி எட்டலைன்னா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, அது என்னால வந்த வினை. கடை திறந்தப்ப கம்பெனிக்காரங்க வாசலுக்கு நேர் மேலதான் மாட்டச் சொன்னாங்க. நான்தான் ஒத்தக்கால்ல நின்னு மாடிச் சுவரு உச்சிக்கு ஏத்த வச்சேன். பஸ்ஸ்டாண்டுல இறங்குறவன் கண்ணுல கோழி படணும்ல? இல்லைன்னா போர்டு என்னத்துக்கு?

உங்க டிரைவர் பெரிய ஏணி கேட்டுத்தானே போயிருக்காரு? வருவாரு. அந்தா பெயிண்டுக்கடை இருக்கு, அங்க ஏணி இல்லாம இருக்காது. என் பேரைச் சொல்லச் சொன்னீங்களா? சிக்காரோ சிக்கன்கடை மாரீஸ்வரின்னு சொன்னாப் போதும். இந்த பஜார்ல எனக்குப் பயப்படாத கடை கிடையாது. ஏ ஜெயராக்கு, அண்ணனுக்கு ஒரு கூல்டிரிங் கொண்டா. ஐஸ் போடாத, தொண்டை கட்டிக்கிரும். ஊர் ஊரா அலையுற மனுசன்.

நான் உங்களைத் தடுப்பேன்னு நினைக்காதீங்க. நான் இந்தக் கடைக்கு மேனேஜர். ஆர்டர்னா ஆர்டர். ராஜபாளையத்துல நேத்து இறக்கிட்டீங்க, சிவகாசியில முந்தாநாள் இறக்கிட்டீங்க, இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கோயம்புத்தூர்ல இருந்து மெனக்கெட்டு வந்திருக்கீங்க, உங்க பொழப்பை நான் ஏன் கெடுக்கணும்? கம்பெனி ரூல் ஒண்ணைக்கூட நான் மீறினது கிடையாது. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

ஆனா ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. இன்னைக்கு என்ன கிழமை? சனிக்கிழமை. என்ன மாசம்? புரட்டாசி. கடைசிச் சனிக்கிழமை. தெருவுல பாருங்க, நெத்தியில நாமம் இல்லாத ஆளு ஒருத்தன் போறானா? பச்சைப் பிள்ளைக்குக்கூடச் சாத்தி விட்டிருக்காங்க. ஒரு மாசமா இந்த ஊர் கறியைக் கண்ணால பாக்கலை. சரி, நாளைக்கு என்ன? ஐப்பசி ஒண்ணு. என்ன கிழமை? ஞாயித்துக்கிழமை! ஐப்பசி ஒண்ணும் ஞாயித்துக்கிழமையும் சேந்து வர்றதுன்னா என்னன்னு பாம்பே ஹெட்டாபீஸ்ல உக்காந்திருக்கவனுக்குத் தெரியுமாண்ணே? இந்த ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கும். அதுக்கு முதல் நாள் வந்து போர்டைக் கழட்டுங்கிறான். இதை எங்க போய்ச் சொல்ல?

நேத்து சந்தீப் சார்கிட்ட போன்ல கத்துனேன். எங்க ஏரியா மேனேஜர், பெங்களூர்ல இருக்காரு. அவரே சொன்னாரு, "மாரீஸ்வரி, ஞாயித்துக்கிழமை சேல்ஸ் மட்டும் என் கையில இருந்தா நான் பாம்பேல பேசிருவேன். ஆனா ஆள் சனிக்கிழமையே வர்றானே, நான் என்ன பண்ண?" அப்படின்னாரு. நீங்க போர்டை இறக்கி, வெறுஞ்சுவரை போட்டோ எடுத்து அனுப்புனாத்தானே கம்ப்யூட்டர்ல இந்தக் கடை மூடுனதா ஆகும்? அது வரைக்கும் கடை கடைதான். பில் மெசின் ஓடும், நாளைக்கு விடிஞ்சதும் நான் திறக்கலாம். ஒரே ஒரு நாள்ணே. அதுதான் எனக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் வேணும். நான் உங்ககிட்ட கெஞ்சலை. விசயத்தைச் சொல்றேன்.

என்ன, வந்துட்டாரா? என்ன டிரைவரண்ணே, வெறுங்கையா வர்றீங்க? பெயிண்டுக்கடையில ஏணி இல்லையா? வாடகைக்குப் போயிருக்கா? அவன் கடை சுவத்துல நாலு ஏணி சாத்தியிருக்குமே! சரி விடுங்க, அவன் எப்பவுமே அப்படித்தான். பக்கத்துல பாத்திரக்கடைக்குப் போங்க. தனுஷ்கோடி அண்ணாச்சி. இந்தக் கட்டடமே அவரோடதுதான். மேனேஜர் அனுப்புனாங்கன்னு சொல்லுங்க.

கம்பெனிக்கு நாடு பூரா நஷ்டமாம். இருக்கட்டும். நஷ்டம் வந்த கடையை மூடு, வேணாங்கலை. என் கடையை ஏன் மூடணும்? என் கடையில நஷ்டமே கிடையாதுண்ணே. புரட்டாசி மட்டும் கொஞ்சம் படுத்துக்கிரும். அப்புறம் கார்த்திகை மார்கழி, ஐயப்பனுக்கு மாலை போட்டுருவாங்க. தை மாசம் பழனிக்குப் பாதயாத்திரை. பங்குனியில மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா பூக்குழி முடியுற வரைக்கும் ஒருத்தன் வர மாட்டான். ஆடியில தேர். இதுபோக செவ்வாய், வெள்ளி, சனி. மத்த நாளெல்லாம் கூட்டம் அள்ளும்! நீங்க சிரிக்காதீங்க. அந்த மத்த நாள்ல இந்தக் கடைக்குள்ள நின்னு பாத்திருக்கணும் நீங்க.

நான் சாப்பிடுவேனான்னு கேக்குறீங்களா? இந்த மாசமா? ச்சேச்சே, முட்டையைக்கூடத் தொட மாட்டேன். அது வேறண்ணே. அது சாமி விசயம், இது கம்பெனி விசயம்.

நான் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தவ. அப்புறம் பட்டாசு ஆபீஸ். கை பூரா மருந்து, பிள்ளையைத் தூக்குனா பிள்ளை தும்மும். அங்க இருந்து இங்க தட்டு கழுவ வந்து, பொரிக்கப் போயி, கல்லாவுக்கு வந்து, மேனேஜர் ஆனேன். இந்தத் தொப்பியும் இந்தப் பேர் எழுதுன பேட்ஜும் யாரும் சும்மா குடுக்கலை. உள்ள நிக்கிறவளுகளும் அப்படித்தான். ஜெயராக்கு புருசன் பட்டாசு வெடிச்சுப் போனவன். அவளை அந்த வேலைக்கே திரும்ப அனுப்பணுமா? அனுப்ப மாட்டேன். சும்மா வீராப்புக்குச் சொல்லலைண்ணே, அவ அந்தப் பட்டாசு ஆபீஸ் பஸ்ல ஏறினா நான் டயர்ல விழுந்துருவேன்.

இந்த வருசம் ஆடி முடிஞ்சதுமே சொல்லிட்டாங்க. அடுத்த கணக்கு பாக்குறப்ப விற்பனை இல்லைன்னா மூடுவோம்னு. அடுத்த கணக்கு எப்பன்னு பாத்தா, புரட்டாசி! எவன் நாள் குறிச்சானோ தெரியலை, நம்ம ஊர் காலண்டரை ஒரு தடவை கிழிச்சுப் பாத்திருந்தா அப்படிக் குறிச்சிருக்க மாட்டான். நான் யோசிச்சேன். கோழி விக்காதுன்னா, விக்கிறதை விப்போம். வாழைக்காய் பஜ்ஜி.

ஆமா, பஜ்ஜிதான். ஏன் முழிக்கிறீங்க? கம்பெனி மாவு, கம்பெனி மசாலா, உள்ள கோழிக்குப் பதிலா வாழைக்காய். கோழிச் சட்டியில போட்டா ஒருத்தன் வாயில வைக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா? புதுச் சட்டி, புது எண்ணெய், தனி அடுப்பு, வாசல்லயே ஊர் பாக்கப் போட்டேன். ரூலை மீறலைண்ணே. கடைக்குள்ள வேற சமையல் கூடாதுங்கிறதுதான் ரூல். வாசல் கடைக்கு வெளியதானே இருக்கு?

அடுப்பா? அது எதுத்தாப்புல பிரியாணிக்கடை மைதீன் பாயோடது. அவரைப் பத்திச் சொன்னா விடிஞ்சிரும். எனக்கு இந்த ஊர்ல ஒரு எதிரின்னா அந்த ஆளுதான். அவர் கடைக்கு வர்ற வண்டியெல்லாம் என் வாசல்ல நிக்கும். சங்கிலி போட்டேன். சங்கிலியைத் தாண்டி நிறுத்துனாங்க, காத்தைப் புடுங்கி விட்டேன். அவரு ரோட்டுல அடுப்புப் போடுறாருன்னு முனிசிபாலிட்டியில எழுதிக் குடுத்தேன். ஒரு தடவை வாசல் கழுவுன தண்ணியைத் தெரியாம, சரி, தெரிஞ்சேதான், அவர் கால்ல ஊத்துனேன். என்ன சொன்னாரு தெரியுமா? "பரவால்லம்மா." அந்தப் பரவால்லம்மாதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். சண்டைக்கு இழுத்தா வரணும். வராம இருக்குறவன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது?

நான் வாசல்ல அடுப்பு வைக்க யோசிச்சுக்கிட்டு இருக்கேன், அந்த ஆளு அவர் பெரிய பர்னர் ஒண்ணைத் தூக்கிட்டு வந்து இறக்குறாரு. "சும்மாதான் கிடக்குது, வச்சுக்கம்மா." பழைய இரும்பைத் தள்ளி விட இடம் பாத்திருக்காரு. துடைச்சுப் பாத்தா புதுசு மாதிரிதான் இருந்துச்சு, அது எப்படின்னு தெரியலை. முதல் நாள் சிலிண்டர் தீந்தப்பவும் அவர் கடைச் சிலிண்டர் வந்து நின்னுச்சு. என்னைக் கடனாளி ஆக்கப் பாக்குறாரு. நான் மசியலையே.

பஜ்ஜி எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க? ஊரே திரண்டு வந்துச்சுண்ணே! ஊருன்னா, பஜார். பஜார்னா, இந்த வரிசைக் கடைக்காரங்க. அவங்கதான், ஆனா தினம். நாமம் போட்டவங்க என்னமோ கோழிப் படத்தைப் பாத்துட்டு எட்ட நின்னு போயிட்டாங்க. போனாப் போறாங்க. தனுஷ்கோடி அண்ணாச்சி இருக்காரே, கடைப் பிள்ளைகளுக்கு டீக்கே கணக்குப் பாக்குற மனுசன். அவரு தட்டுத்தட்டா வாங்கிட்டுப் போனாரு. அவருக்குச் சக்கரை வியாதி, எண்ணெய்ப் பண்டம் ஆகாது, இருந்தும் வாங்குனாருன்னா என் கைப்பக்குவம் எப்படின்னு பாத்துக்கோங்க. ஜவுளிக்கடைப் பிள்ளைக ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டிட்டுப் போவாளுக. வளையல்கடை பாக்கியத்தாய் அக்கா மத்தியானச் சோத்துக்கே பஜ்ஜிதான் தொட்டுக்கிட்டாக. மைதீன் பாய்? அவருக்கும் இது ஈ ஓட்டுற மாசம்தான். இருந்தும் அவர் கடை ஆளுகளுக்கு நித்தம் ஒரு கூடை நிறைய வாங்குனாரு. என் மசாலாவைத் தின்னு பாத்துத் திருடத்தான். வேற என்னத்துக்கு?

இருங்க, டிரைவர் வந்துட்டாரு. அண்ணாச்சி என்ன சொன்னாரு? ஏணியில கரையானா? அது இரும்பு ஏணிண்ணே! இரும்பு ஏணியை எந்த ஊர்க் கரையான் தின்னுச்சாம்? பாத்தீங்களா, கஞ்சனுக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரலை. நேரா ஜவுளிக்கடைக்குப் போங்க. அங்க மேல் தட்டுல துணி எடுக்க உசரமான ஏணி வச்சிருக்காங்க. அந்தப் பிள்ளைககிட்ட கேளுங்க, மாரீக்கா கேட்டாகன்னு சொல்லுங்க, தூக்கிட்டு ஓடி வருவாளுக.

எதுல விட்டேன்? பஜ்ஜி. விக்கிறது சரி, பில் போடணும்ல? மெசின்ல பஜ்ஜிக்குப் பட்டன் கிடையாது. பில் போடாம வித்தா அது திருட்டு. நான் ரூலை மீற மாட்டேன். தேடித் தேடிப் பாத்தேன். எக்ஸ்ட்ரா மயோனைஸ்னு ஒரு பட்டன், முப்பது ரூபா. ரெண்டு பஜ்ஜியும் முப்பது ரூபா. பொருத்தமா இருந்துச்சு, அமுக்கிட்டேன். ஒரு மாசம் அமுக்கிக்கிட்டே இருந்தேன். காசு அப்படியே கம்பெனிக்குப் போச்சு, ஒத்தப் பைசா நான் எடுக்கலை. வாழைக்காய்கூட என் கைக்காசு.

அங்கதான்ணே வந்துச்சு வினை. பாம்பேல கம்ப்யூட்டர் என்ன நினைச்சிருக்கு? ஸ்ரீவில்லிபுத்தூர்ல கோழி ஒண்ணும் விக்கலை, ஆனா மயோனைஸ் மலை மலையா விக்குதுன்னு நினைச்சிருச்சு. தன்னால சரக்கு அனுப்ப ஆரம்பிச்சிருச்சு. ஒருநாள் லாரி வந்து நிக்குது, இறக்கி வச்சா எல்லாம் மயோனைஸ். அடுத்த வாரம் மறுபடியும் லாரி. ஃப்ரீசர் நிறைஞ்சு, ஸ்டோர் நிறைஞ்சு, நான் உக்காருற ரூம் நிறைஞ்சு, இப்ப நான் சாப்பிடுறது மயோனைஸ் பெட்டி மேல உக்காந்துதான். பாம்பேல மீட்டிங் போட்டுப் பேசுனாங்களாம், அந்த ஊர்க்காரன் மயோனைஸை எதுல தொட்டுத் திங்கிறான்னு. கோழியே வாங்காம கப்பு கப்பா வெறும் மயோனைஸைக் குடிக்கிறானான்னு கேட்டானாம் ஒருத்தன்.

சந்தீப் சாரே கிளம்பி வந்துட்டாரு. நல்லவேளை, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தாரு, பஜ்ஜி சூடா இருந்துச்சு. வாசல்ல நின்னு சட்டியைப் பாத்தாரு, பஜ்ஜியைப் பாத்தாரு, என் முகத்தைப் பாத்தாரு.

"மாரீஸ்வரி, இது என்ன?"

"மயோனைஸ் சார்."

எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்? அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டு உள்ள போய் உக்காந்தாரு. ஒரு தட்டு வச்சேன். சாப்பிட்டாரு. இன்னொரு தட்டு வச்சேன், அதையும் சாப்பிட்டாரு. கை கழுவிட்டு வந்து, "இது ஃபிராடும்மா"ன்னாரு.

"ஃபிராடுன்னா திருடுறதுதானே சார்? நான் எதை எடுத்தேன், சொல்லுங்க."

"எடுக்கலை. ஆனா இல்லாத ஒண்ணை வித்ததா எழுதியிருக்க. உன் ஃப்ரீசரைத் திறந்தா நான் என்ன ரிப்போர்ட் எழுதுறது? என் வேலையே ஆட்டம் கண்டுக்கிட்டு இருக்கு மாரீஸ்வரி. வீட்டு லோன் இருக்கு."

அவரும் மனுசன்தானே. கெட்டவரு இல்லை. பெங்களூருக்குப் போயி எழுதித்தான் ஆகணும், எழுதிட்டாரு. நம்ம கடை பேர் லிஸ்ட்ல ஏறிருச்சு. கம்பெனி பேரைக் கெடுத்துட்டேனாம். எந்தப் பேரைண்ணே கெடுத்தேன்? இந்த ஊர்ல சிக்காரோன்னா என்னன்னே நான் வந்துதான் தெரிஞ்சுச்சு.

டிரைவரண்ணே, என்ன இப்பவும் வெறுங்கை? பிள்ளைக என்ன சொன்னாளுக? ஏணி மேல நின்னு துணி எடுத்துக்கிட்டு இருக்காளுகளா? சரி, எடுத்து முடிச்சதும்... என்னது, சாயங்காலம் வரைக்கும் எடுப்பாளுகளா? கடையில ஆளே இல்லையே, யாருக்கு எடுக்குறாளுக? ஒருத்தி ஏணியைக் கட்டிப் பிடிச்சிட்டு விடலையா? அழுதாளா? எவ, சுடலைவடிவா? அவளுக்கு என்ன வந்துச்சு அழுறதுக்கு?

நான் அவளுகளுக்குப் பண்ணினதுக்கு ஒரு ஏணி குடுக்கக் கூடாதா, பாருங்க. அவளுக தொல்லையை உங்ககிட்ட சொல்லலையே. இந்த பஜார்ல ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஃபேன்சி ஸ்டோர் எல்லாத்துலயும் நிக்கிறது பொம்பளைப் பிள்ளைகதான். காலையில நின்னா ராத்திரி ஷட்டர் இறங்குற வரைக்கும் நிக்கணும். ஒருத்திக்கும் ஒதுங்க இடம் கிடையாது. அதுக்குப் பயந்துக்கிட்டே தண்ணி குடிக்க மாட்டாளுக. சுடலைவடிவு ஒருநாள் என் வாசல்ல மயங்கி விழுந்தா. தூக்கிட்டு வந்து படுக்க வச்சுத் தண்ணி குடுத்தா, வேணாங்கிறா. ஏண்டின்னா, குடிச்சா எங்கக்கா போறதுங்கிறா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அன்னையில இருந்து நம்ம பாத்ரூமைத் திறந்து விட்டேன். யாரும் யாரையும் கேக்க வேண்டாம், நேரா உள்ள போ, கதவைச் சாத்திக்கோன்னு.

கம்பெனி ரூல் என்ன? பாத்ரூம் கஸ்டமருக்கு மட்டும். நான் ரூலை மீறலை. அவளுக எல்லாம் என்னைக்காவது சம்பளத்துக்குச் சிக்கன் வாங்கத்தானே போறாளுக? அப்ப கஸ்டமர்தானே? இப்ப கோயிலுக்கு வர்ற பொம்பளைக, காய் விக்க வர்ற கிழவிக, மைதீன் பாய் கடையில வெங்காயம் உரிக்கிறவளுக, அவரு சம்சாரம் உட்பட, எல்லாரும் இங்கதான். அந்தக் கதவு ஓஞ்சு நான் பாக்கலை. தண்ணி மோட்டார் ரெண்டு தடவை புகைஞ்சிருச்சு. நான் அதைப் பெருசா எடுத்துக்கிடலை, அது ஒரு விசயமே இல்லை. நான் சொல்ல வந்தது கடை நடத்துனதைப் பத்தி. பஜ்ஜிதான் இந்தக் கடையைக் காப்பாத்துச்சு. என் கைப்பக்குவம்.

என்னண்ணே, அப்படிப் பாக்குறீங்க? என் மூஞ்சில மாவு கீவு ஒட்டியிருக்கா?

மணி ஆகுதா? சாயங்காலத்துக்குள்ள தென்காசிக் கடையையும் இறக்கணுமா? சரி, உங்க நேரத்தை நான் ஏன் கெடுக்கணும். ஒரே ஒரு இடம்தான் மிச்சம். எனக்கு வாயால சொல்லவே பிடிக்கலை, இருந்தும் சொல்றேன். டிரைவரண்ணே, எதுத்தாப்புல போங்க, பிரியாணிக்கடை. அவரு கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் போடுறவரு, மூணு ஆள் உசரத்துக்கு மூங்கில் ஏணி வச்சிருக்காரு. அவரு குடுப்பாரு. என் போர்டு இறங்குதுன்னா ஓடி வந்து அவரே ஏறினாலும் ஏறுவாரு. என் இடத்தை வளைச்சு பிரியாணிக்கடையைப் பெருசாக்க எப்ப எப்பன்னு காத்துக்கிட்டு இருக்குற ஆளு. போங்க, கேளுங்க.

நான் கண்ணைத் திறந்துக்கிட்டே பாக்குறேண்ணே. இறக்குறப்ப நீங்க பாத்து இறக்குங்க, அந்தக் கோழியோட கொண்டை கழண்டு கிடக்கு. மழைக்கு ஆடும், நானே ஒரு தடவை கம்பி வச்சுக் கட்டியிருக்கேன். எனக்கு அழுகையா வருது. ஆனா அழ மாட்டேன். இந்தப் பிள்ளைக முன்னாடி அழ மாட்டேன். ஏ ஜெயராக்கு, ஏன்டி கண்ணைக் கசக்குற? போய் சட்டியைக் கழுவு.

என்னண்ணே, எங்க பாக்கச் சொல்றீங்க? எதுத்த பக்கமா?

அது என்ன கூட்டம்? பெயிண்டுக்கடைக்காரன் நிக்கிறான். அண்ணாச்சி நிக்கிறாரு. கல்லாவை விட்டுட்டு அந்த மனுசன் தெருவுக்கு வந்து நான் பாத்ததே இல்லையே. பாக்கியத்தாய் அக்கா. ஜவுளிக்கடைப் பிள்ளைக எல்லாம் வாசல்ல நிக்கிறாளுக. மைதீன் பாய் எங்க? உக்காந்திருக்காரா? எது மேல... அட ஏணிண்ணே! ஏணியைத் தெருவுல படுக்கப் போட்டு, அது மேல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு! பக்கத்துல அவரு மச்சினனும் உக்காந்திருக்கான். உங்க டிரைவர் கேக்குறாரு, இவரு தலையைத் தலையை ஆட்டுறாரு. எந்திரிக்க மாட்டேங்கிறாரே!

டிரைவரண்ணே, மூச்சு வாங்காம சொல்லுங்க. என்ன சொன்னாரு? ஏணி இருக்குதா? இருக்குதுன்னே சொன்னாரா? இருக்கு, ஆனா தர முடியாதுன்னு. "நாளைக்கு ராத்திரி கடை அடைச்சதும் வாங்க, நானே பிடிச்சுக்கிறேன். அது வரைக்கும் இதுல இருந்து எந்திரிக்க மாட்டேன்"னு சொன்னாரா?

எல்லாரும் இங்கயே பாக்குறாங்கண்ணே. ஏன் இப்படிப் பாக்குறாங்க? அண்ணாச்சி கையை ஆட்டுறாரு. அந்த மனுசன் யாருக்கும் கையை ஆட்டுனது கிடையாது.

ஓ. சரி. சரி, எனக்குப் புரிஞ்சு போச்சு. நல்லாப் புரிஞ்சு போச்சுண்ணே. அந்த மைதீன் பாய்க்கு என்ன எண்ணம் தெரியுமா? நாளைக்கு ஐப்பசி ஒண்ணு. அவரு கடையும் திறந்திருக்கும், என் கடையும் திறந்திருக்கும். என்னை நேருக்கு நேர் நிக்க வச்சு ஜெயிக்கணுமாம். ஆளில்லாத தெருவுல ஜெயிச்சா அவருக்குப் பெருமை இல்லையாம். அவ்வளவு ரோசம்! வரட்டும்ணே. வரட்டும். எவன் கடையில கூட்டம் நிக்குதுன்னு நாளைக்குப் பாத்துருவோம்!

நான் அழலை. யாரு அழுறா? நீங்க கண்ணைத் துடைங்க முதல்ல.

ஏ ஜெயராக்கு, இருக்குற கோழி பூராவையும் எடுத்து மசாலாவுல ஊறப் போடு. பூராத்தையும்டி! மிச்சம் வைக்காத. அண்ணே, நீங்க தென்காசிக்கு நாளான்னைக்குப் போகலாம். நாளைக்கு மத்தியானம் இங்கதான் சாப்பாடு, டிரைவரையும் கூட்டிக்கோங்க. காசு கேக்க மாட்டேன், மயோனைஸ் வேணுங்கிற மட்டும் ஊத்திக்கலாம். இப்ப பாம்பேக்கு போனைப் போடுங்க. பயப்படாதீங்க, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க. ரூலை யாரும் மீறலை. கடை கடையா ஏறி இறங்கிக் கேட்டாச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இந்த போர்டுக்கு ஏணி கிடையாதுன்னு சொல்லுங்க.